வெறும் வயிற்றில்

ஏப்ரல் 18

உரக்கடையில் கொடுத்த டைரி. பால் கணக்குக்கூட எழுதாமல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எதையாவது எழுதி வைக்காவிட்டால் பாத்திரங்களை மறுபடியும் எடுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். ஏற்கெனவே ஒரு தடவை தேய்த்ததைத்தான் மறுபடி தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

புதுச்சேரிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். டாக்டர் சின்னப் பெண். ஊசி, ஸ்கேன் என்று ஏதேதோ நினைத்துப் பயந்துகொண்டு போனால், அந்தப் பெண் இவரைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்காட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை ஆரம்பித்து, அசந்து, நின்றது. நடக்கச் சொன்னார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு தாளைக் கொடுத்துப் பேரும் ஊரும் எழுதச் சொன்னார். கலியமூர்த்தி என்று ஆரம்பித்தவர் விருத்தாசலத்துக்கு வருவதற்குள் எழுத்து எறும்பாகிவிட்டது. கண்ணாடி போட்டும் எனக்குப் படிக்க முடியவில்லை.

"வாசனை தெரியுதா சார்?"

"இல்ல மேடம். ரொம்ப நாளாவே தெரியல."

பால் அடிப்பிடித்து வீடே நாறும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எத்தனை நாள் திட்டியிருக்கிறேன். அதுவும் இதில் சேர்த்திதானாம். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே மூக்கு போய்விடுமாம். மலச்சிக்கல் வருமாம், தூக்கத்தில் கையைக் காலை வீசுவார்களாம். எல்லாம் உண்டு. பேருந்து ஓட்டுகிற மனுஷன், தூக்கத்திலும் பிரேக் அடிக்கிறார் என்று நான் சிரித்திருக்கிறேன்.

பார்க்கின்சன் என்றார். மூளையில் டோபமின் என்று ஒன்று சுரக்கிறதாம். நினைத்தபடி உடம்பை அசைக்க அது வேண்டும். அதைச் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகின்றன. மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டும், நோயை நிறுத்தாது. "சர்க்கரை, பிரஷர் மாதிரி வச்சுக்கிட்டே வாழலாம்மா. பயப்படாதீங்க. ஆனா மாத்திரைய சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல, தண்ணியில போடணும்" என்றார்.

இனிமேல் பேருந்து ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மகள் இளவரசிக்குச் சேத்தியாத்தோப்பில் கல்யாணம் பேசி முடிக்கப்போகிற நேரத்திலா இது வர வேண்டும்?

ஏப்ரல் 20

வெறும் வயிற்றில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வாந்தி. முகம் வெளுத்துப்போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போதே நினைத்தேன். படித்த பெண்தான், ஆனாலும் வெறும் வயிற்றில் மாத்திரை போடலாமா? வயிறு புண்ணாகிவிடாதா? பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறவள் நான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகளை எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு அவித்த முட்டையைக் கொடுத்தால் முகத்தில் எப்படி ரத்தம் ஏறும் என்று அந்த டாக்டருக்குத் தெரியுமா?

நாளையிலிருந்து முதலில் ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை. அப்புறம் மாத்திரை.

ஏப்ரல் 22

வாந்தி இல்லை. சொன்னேன் அல்லவா.

மே 9

பூ வைக்க வந்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை திருமுருகன் நல்ல பையன், நெய்வேலியில் வேலை. கல்யாணம் ஆவணி இருபத்துநாலு என்று முடிவாயிற்று. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, இவர் முகத்தைத் தவிர.

இவர் முகம் இப்போது அசைவதில்லை. உள்ளே சந்தோஷமாக இருந்தாலும் வெளியே தெரியாது. கண் இமைப்பதுகூட எப்போதாவதுதான். டாக்டர் இதைச் சொல்லியிருந்தார். நாங்கள் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவில்லை. காப்பி கொடுக்கும்போது பையனின் அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, "என்னங்க, சம்பந்தி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே இருக்காரு? எங்க பையனப் புடிக்கலயா?" என்றார்.

"பல்லு வலிங்க. அதான்" என்றேன்.

வாயில் வந்தது அதுதான். உடனே அந்தம்மா கிராம்பு கேட்டார். கிராம்பைக் கொண்டுபோய் இவர் கையில் கொடுத்ததும் இவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக் கடைவாயில் வைத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் காரத்தோடு உட்கார்ந்திருந்தார், பாவம்.

அவர்கள் போனதும் இளவரசி, "உண்மையச் சொல்லிடலாம்மா" என்றாள். தாலி ஏறட்டும், சொல்லலாம் என்றேன்.

மே 10

அவள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஜூன் 4

மாத்திரை வேலை செய்யவில்லை. சட்டைப் பொத்தான் போடக் காப்பி ஆறிப்போகிற நேரம் ஆகிறது. நான் போட்டுவிடப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். சரி என்று விட்டுவிட்டால் ஒரு பொத்தானோடு மல்லாடிக்கொண்டு நிற்கிறார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வாசலைக் கூட்டுகிறேன், ஏற்கெனவே கூட்டிய வாசலை.

குரலும் இறங்கிக்கொண்டே போகிறது. நெரிசலில் ஓட்டுநர் சீட்டிலிருந்தே "உள்ள போங்க, உள்ள போங்க" என்று பேருந்தே அதிரக் கத்துகிற மனுஷன். இப்போது தண்ணீர் கேட்டால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பலம் இல்லை. அதுதான் விஷயம். சத்துமாவில் பொட்டுக்கடலை, நிலக்கடலை கூடச் சேர்த்து அரைத்து வந்திருக்கிறேன். காலையில் பாலுக்குப் பதில் சத்துமாவுக் கஞ்சி, முட்டை இரண்டு. மதிய மாத்திரைக்கு முன்னால் சுண்டல்.

ஜூன் 11

இன்னும் மோசம். கட்டிலிலிருந்து எழ நான் கை கொடுக்க வேண்டியிருந்தது.

ஜூன் 21

கடலூரில் பயிற்சி வகுப்பு என்று கூப்பிட்டார்கள். விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. கஞ்சியையும் முட்டையையும் மூடிவைத்து, மாத்திரையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். இளவரசி வேலைக்குப் போய்விடுவாள். நாள் முழுக்க எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. கை கழுவும் முறை பற்றி ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்து வந்து போன் அடித்தேன். இவர் எடுக்கவில்லை. விழுந்துகிடக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஓடிவந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. மனுஷன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிறார். கையை வீசிக்கொண்டு நடந்து வருகிறார்.

"எங்க போனீங்க?"

"பயலுவள பாத்துட்டு வந்தேன். காலையில போனவன். பேச்சுல நேரம் போனது தெரியல." குரல் வாசலிலேயே எனக்குக் கேட்டது.

உள்ளே போனால் கஞ்சி மூடியபடி இருக்கிறது. முட்டை மூடியபடி இருக்கிறது. மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் போயிருக்கிறார். மதிய மாத்திரையும் அப்படியே சட்டைப்பையில் கொண்டுபோய்ப் போட்டாராம். நாள் முழுக்க இரண்டு டீ, ஒரு பன். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம். சிநேகிதர்களைப் பார்த்த சந்தோஷத்தில் உடம்பு ஒரு நாள் தாங்கியிருக்கிறது. பட்டினி போட்டால் நாளைக்கு யார் தாங்குவது?

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணும் பேசாதீங்க, சாப்பிடுங்க" என்று தட்டை வைத்தேன்.

ஜூன் 22

பஸ் ஸ்டாண்டு காற்றுதான் மருந்து என்றால் அனுப்பிவிட்டால் போகிறது. கஞ்சி, இரண்டு முட்டை, மாத்திரை எல்லாம் கொடுத்து நானே அனுப்பிவைத்தேன். பாலத்துக்கு அந்தண்டை போவதற்குள் கால் நகராமல் நின்று, யாரோ ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

காற்றும் ஒரு நாளைக்குத்தான் போல.

ஜூலை 6

மறுபடியும் புதுச்சேரி. டாக்டர் விரல் தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு யோசித்தார். "இந்த அளவுக்கே நல்லா கேட்டிருக்கணுமே. சாப்பாட்டுக்கு முன்னாடிதானே குடுக்குறீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்க முடியுமா? அவரவர் வீட்டுப் பக்குவம் அவரவருக்குத்தான் தெரியும். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அசையாத முகத்தில் என்ன தெரியும்?

அளவைக் கூட்டி எழுதினார். நடக்க வேண்டும், சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், பிசியோதெரபிக்குப் போக வேண்டும் என்றார். மாத்திரை ரொம்ப வருஷம் ஆகிக் கைகொடுக்காமல் போனால் சிலருக்கு மண்டையில் கம்பி வைத்து நெஞ்சில் பேட்டரி பொருத்துகிற ஆபரேஷன் இருக்கிறதாம். இவருக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றாலும் என் காதில் விழுந்துவிட்டதே. வழி முழுக்க அந்தக் கம்பிதான் என் மண்டைக்குள் இருந்தது.

ஜூலை 19

இவர் அண்ணன் ராஜமாணிக்கம் வந்தார். பத்திரிகை வேலை பேசினார், பந்தல் பேசினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, தார வாக்கறதுக்கு நானும் அண்ணியும் ஒக்காந்துடறோம்டா. ஒனக்குக் கையி இப்படி இருக்கறப்ப எதுக்கு ரிஸ்க்கு?" என்றார்.

தாரை வார்க்கும்போது அப்பா உள்ளங்கையில் மகள் கையை வைத்து, அதன் மேல் தேங்காயும் வெற்றிலையும் வைத்து, மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அம்மா தண்ணீர் ஊற்றுவாள். அந்தத் தேங்காய் கீழே விழுந்தால் ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே கூடத்தில் அது இருந்தது.

"நான்தான் ஒக்காருவேன்" என்றார் இவர். யாருக்கும் கேட்கவில்லை. இளவரசிக்குக் கேட்டது. "அப்பா ஒக்காரலன்னா நான் மணவறைக்கே வரல பெரியப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வழியனுப்பப் போகையில் அண்ணன் என்னிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 20

சொன்னேன். "எதுக்கும் பட்டுவேட்டி கட்டிக்கிட்டுத் தயாரா இருங்க மாமா" என்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். தேங்காய் விழுந்தால் அவள் வாழ்க்கை பூராவும் அதையே சொல்லிக்காட்டுவார்கள். நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

ஆகஸ்ட் 6

இவர் தேங்காயை வைத்துப் பழகுகிறார். நான் பார்க்காத நேரத்தில்தான். நான் அடுப்படியில் இருக்கும்போது கூடத்தில் பொத்தென்று சத்தம் கேட்கும். பிறகு உருட்டி எடுக்கிற சத்தம். பிறகு மறுபடி பொத்து. நான் போய்ப் பார்ப்பதில்லை. மிக்சியைப் போட்டுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 7

உடைந்த தேங்காய் நாலு. சட்னி அரைத்தேன்.

ஆகஸ்ட் 28

பத்திரிகை கொடுத்து முடிந்தது. ஜாக்கெட் தைத்து வந்துவிட்டது, என்னுடையது மட்டும் இறுக்கம். மளிகை வந்துவிட்டது. பாத்திரச் சீர் அடுக்கியாயிற்று. அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். கொலுசு ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. "அம்மா, ஒரு எடத்துல ஒக்காரும்மா, ஒன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்கிறாள் இளவரசி. உட்கார்ந்தால் பொத்தென்ற சத்தம் காதில் கேட்கிறது, அது அவளுக்கு எங்கே தெரியும்.

இவருக்கு முட்டை மூன்றாக்கியிருக்கிறேன். உரித்து, உப்புத் தொட்டு, நானே வாயில் வைக்கிறேன். முழுங்கினாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷன்.

செப்டம்பர் 8

ஐயர் வந்து சாமான் பட்டியல் சொன்னார். தாரை வார்க்கிறவர்கள் இரண்டு பேரும் தாலி ஏறுகிற வரைக்கும் விரதம் என்றார். விடிகாலை மாத்திரை?

"மருந்து சாப்பிடறவருங்க. பால் குடிக்கலாமா சாமி?"

"பேஷா. பாலும் பழமும் தோஷமே இல்ல."

"வேணாம்" என்றார் இவர்.

"அதான் சாமியே சொல்றாருல்ல."

"எம் பொண்ணுக்கு நான் தார வாக்கறேன். தண்ணியத் தவிர ஒண்ணும் வேணாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சாப்பாட்டு விஷயத்தில் இவர் என் பேச்சைத் தட்டியது இதுதான் முதல் தடவை. பிடிவாதம் பிடிக்க வேறு நாளே கிடைக்கவில்லை.

செப்டம்பர் 11

நேற்று நடந்ததை எழுத வேண்டும். காலையிலிருந்து மீந்த பூசணிக்காயை யார் யாருக்கோ கொடுத்தனுப்பிக்கொண்டு, எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மண்டபத்து அறையில் பால் டம்ளரோடு ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்றார். மாத்திரையைத் தண்ணீரில் கொடுத்தேன். வாந்தி எடுத்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே இவர் அண்ணன் பட்டுவேட்டியில் நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

வாந்தி வரவில்லை. நான் இளவரசிக்கு ஜடை சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தபோது இவர் எழுந்து நின்று வேட்டி கட்டிக்கொண்டிருந்தார். தானே. மடிப்புப் பிரித்து, சுற்றி, இழுத்துச் செருகினார். "என்ன பாக்குற, நேரமாவுது வா" என்றார்.

மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை நீட்டினார். இளவரசி கையை அதன் மேல் வைத்தாள். ஐயர் தேங்காயை வைத்தார். எனக்குச் செம்பு நடுங்கியது. அவருக்குக் கை நடுங்கவில்லை. மேளக்காரர்கள் வேகம் பிடித்தார்கள், நான் தண்ணீரை ஊற்றினேன், தண்ணீர் அவர் விரல் வழியாக வழிந்து மாப்பிள்ளை கையில் விழுந்தது. தேங்காய் வைத்த இடத்தில் இருந்தது. மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிய, கண் சுருங்க, பழைய சிரிப்பு. பின்னாலிருந்து பையனின் அம்மா, "சம்பந்திக்குச் சிரிக்கத் தெரியுமா" என்று யாரிடமோ சொன்னது கேட்டது. இவர் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

தாலி ஏறியதும் முதல் பந்தியிலேயே இவரை உட்காரவைத்தேன். விடிகாலையிலிருந்து பட்டினி கிடந்த உடம்பு. பொங்கல், வடை, மறுபடி வடை, ஒரு டம்ளர் பால். மதியம் பருப்பும் நெய்யும், கூட்டு, பாயசம், கட்டித் தயிர். அதெல்லாம் இறங்கியபிறகு மாத்திரை.

ராகு காலத்துக்கு முன்னால் பெண்ணை அனுப்ப வேண்டும். நாலரைக்கு ராகு. கார் வாசலில் நின்றது. இளவரசி எல்லோர் காலிலும் விழுந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். இவர் பின்னால் போனார். மண்டப வாசற்படியருகில் போனதும் நின்றுவிட்டார். பசை போட்டு ஒட்டியதுபோல் கால் தரையைவிட்டு வரவில்லை. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க."

"காலு வரல தையலு" என்றார், என் பேரைச் சொல்லி. முகம் மறுபடி மூடிக்கொண்டுவிட்டது.

பின்னால் கூட்டம். "என்னாச்சு, என்னாச்சு" என்கிறார்கள். யாரோ "நாழியாவுது, பொண்ண அனுப்புங்க" என்றார்கள். இவர் கண் மட்டும் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றவர் வழியனுப்பாமலே கார் போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

இளவரசி காரிலிருந்து இறங்கிவிட்டாள். மாலையோடு திரும்பி வந்தாள். பிசியோதெரபிக்கு இவரை அழைத்துக்கொண்டு போய், கால் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டுவந்தவள் அவள்தான். வாசற்படியில் வந்து நின்று, புது மெட்டி போட்ட காலை இவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தாள்.

"அப்பா, தரையப் பாக்காதீங்க. என் காலத் தாண்டுங்க."

"கல்யாணப் பொண்ணு காலைத் தாண்டறதாவது" என்று ஒரு அத்தை கத்தினாள். எனக்கும் அதே சொல் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். இவர் அந்தக் காலையே பார்த்தார். பிறகு எதிரே இருப்பதைத் தாண்டுகிற மாதிரி வலது காலைத் தூக்கி வைத்தார். தாண்டிவிட்டார். அதன்பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன அடியாகக் கார் வரைக்கும் போனார்.

பையனின் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறும் முன் என்னிடம் வந்தார். "எங்க மாமனாருக்கும் இதே வியாதிங்க. இந்த நடையப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பல்லு வலின்னு சொல்லிக் கிராம்பக் கடிக்கவச்சீங்களே, ஏங்க?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இளவரசி கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இவரை உட்காரவைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். காலையில் அந்த மனுஷன், சாயங்காலம் இந்த மனுஷன். நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. நான் சாப்பாடு போட்டேன். அதுதான் நடந்தது. காலையில் வெறும் தண்ணீர். கடலூருக்குப் போன அன்றைக்கும் வெறும் தண்ணீர். மற்ற எல்லா நாளும் நான்.

அழ வரவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 12

டாக்டருக்குப் போன் செய்து, ஏப்ரலிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. முட்டை, பால், பருப்பில் இருக்கிற புரதமும் இந்த மருந்தும் உடம்புக்குள் ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டுமாம். "ரெண்டும் சேந்து வந்தா மருந்து வெளிய நின்னுடும்மா. எல்லாருக்கும் இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாது, சாருக்குத் தெரியுது. முட்டைய நிறுத்த வேணாம். ராத்திரி சாப்பாட்டுக்கு மாத்துங்க. குமட்டினா மாத்திரையோட ரெண்டு ரஸ்க் குடுங்க" என்றார். கூட்டின அளவைக் குறைக்கலாமா என்று நேரில் பார்த்துச் சொல்கிறாராம். "இதனால வியாதி போயிடாது, தெரியும்ல?" என்றும் கேட்டார். தெரியும் என்றேன்.

வெளியே நின்ற மருந்து. வாசலை அடைத்துக்கொண்டு நின்றவள் நான். சத்துணவு அமைப்பாளர்.

செப்டம்பர் 14

காலையில் மாத்திரை, தண்ணீர், இரண்டு ரஸ்க். அவ்வளவுதான் வைத்தேன். அரை மணி நேரம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போனேன், வந்தேன். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன், மடித்ததை உதறினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து கூடத்துக்கு வந்தார்.

அப்போதுதான் கேட்டேன். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"என்ன?"

"நான் குடுக்கறதாலதான் மாத்திரை கேக்கலன்னு."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "பஸ் ஸ்டாண்டு போன அன்னைக்கே தெரியும்."

ஜூனில். தேங்காய் கீழே விழுந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

"ஏங்க சொல்லல?"

"சொல்ல வந்தேன். பேசாம சாப்புடுன்ன. நீ விடியக்காத்தால எழுந்து அவிச்சு, உரிச்சு, உப்பு தொட்டு வாயில வைக்கிற. முழுங்கற வரைக்கும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிற. நான் முழுங்குனா ஒனக்கு அன்னைக்கு நாளு நல்லாப் போவுது. ஒனக்கு வேற என்ன பண்ண முடியுது என்னால? அதான் தின்னேன்."

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மூன்று மாதம் ஒரு மனுஷன் தன் கையையும் காலையும் எனக்காக விழுங்கியிருக்கிறார். ஆட்டோவில் திரும்பி வந்ததும், தேங்காய் உருண்டதும், வாசற்படியில் ஒட்டிக்கொண்டதும் எல்லாம் அதற்குத்தான்.

"அறிவிருக்கா ஒங்களுக்கு? நான் ஒரு முட்டாளு, எனக்குத் தெரியல. தெரிஞ்ச ஆளு வாயத் தொறக்க வேணாமா? மண்டபத்துல பொண்ணு கால ஒங்க முன்னால வச்சாளே, அன்னைக்கு என் உசுரு என்ன பாடு பட்டுச்சு?" என்று கத்தினேன். வந்ததெல்லாம் சொன்னேன். ஏப்ரலிலிருந்து நோயாளி என்று இவரிடம் அடக்கி அடக்கிப் பேசியதற்கெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

அவர் எழுந்து நின்றார்.

"ஒங்கிட்ட எவன்டி பேசி ஜெயிக்கிறது? டாக்டருகிட்டயே கூசாமப் பொய் சொன்னவ நீ. வாயில முட்டைய வச்சு அடைச்சிட்டு வாயத் தொறக்கலன்னு கேக்குறியா? அண்ணன் வேட்டிய கட்டிக்கிட்டு நிக்கறாரே, அது யாரு வேல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பக்கத்து வீட்டு மல்லிகா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஒங்க வீட்டுக்காரரு சத்தம் கேக்குது?" என்றாள். மதில் தாண்டி, தெருக்குழாய் வரைக்கும் கேட்டிருக்கிறது. அங்கே குடத்தோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் வேட்டியைப் பற்றி எனக்குப் பதில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.